புரோட்டான் சிதைவைச் சொல்லாமல் விடலாமா?

ஆசிரியருக்கு,

அடிப்படை விசைகளின் ஒருங்கிணைப்பு பற்றிய உங்கள் கட்டுரை, 1983இல் செர்ன் ஆய்வகம் கண்ட டபிள்யூ, இசட் துகள்களோடு (மின்காந்த விசையும் வலிமையற்ற அணுக்கரு விசையும் ஒன்றே என்பதை உறுதிசெய்தவை) நின்றுவிட்டது. அடுத்த படியல்லவா முக்கியம்! வலிமையான அணுக்கரு விசையையும் சேர்த்து 1974இல் ஹோவர்ட் ஜார்ஜி, ஷெல்டன் கிளாஷோ என்ற இயற்பியலாளர்கள் முன்வைத்த எஸ்யூ(5) என்ற ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின்படி, புரோட்டான் என்றேனும் சிதைந்தாக வேண்டும்.

ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே என்ற நிலத்தடி ஆய்வகம், 1,000 மீட்டர் பாறைக்கு அடியில் 50,000 டன் தூய நீரில் அதைத் தேடுகிறது. புரோட்டான் சிதைந்து பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நடுநிலைப் பையானும் (குறுகிய ஆயுள் கொண்ட மின்னூட்டமற்ற துகள்) பிறந்தால், பையான் உடனே இரு ஃபோட்டான்களாகும், அதாவது ஒளித்துகள்களாகும். ஒளியுணரிகளில் பெரும்பாலும் மூன்று செரன்கோவ் வளையங்கள் (நீரில் ஒளியைவிட வேகமாகப் பாயும் மின்னூட்டத் துகள்கள் உமிழும் ஒளி) பதியும். அவற்றின் ஆற்றலைக் கூட்டினால் புரோட்டானின் நிறைக்கு ஈடான 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வரவேண்டும். மொத்த உந்தம் குறைவாக இருக்க வேண்டும். நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கருவுக்குள் சிதைவு நடந்தால் பையான் வெளியேறும் முன்பே உறிஞ்சப்படலாம். கணக்கு அங்கேதான் குழம்பும். ஒற்றைப் புரோட்டானே கருவான ஹைட்ரஜனில் அந்தத் தொல்லை இல்லை. வளிமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் நீரில் மோதும்போதும் அரிதாக இதே தோற்றம் காட்டும்.

இதுவரை ஒரு சிதைவும் உறுதியாகவில்லை. இந்த வழிச் சிதைவுக்குப் புரோட்டானின் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கு மேல் என்றாகிவிட்டது; எளிய எஸ்யூ(5) கணித்த ஆயுளோ அதைவிட மிகக் குறைவு என்பதால் அந்தக் கோட்பாடு வீழ்ந்தது.

கோலார் தங்கவயலில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் இந்திய–ஜப்பானியக் குழு 1980களில் இதே தேடலை நடத்தியது. அதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.