மே வேண்டாம் சித்தப்பா, மார்ச்சில் வாருங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி வருவதாகச் சொன்னீர்களாம். தாராளமாக வாருங்கள். ஆனால் பூப் பார்ப்பதுதான் எண்ணம் என்றால் மே சரிப்படாது. அப்போது பூங்காவில் இருப்பதெல்லாம் தொட்டியில் வளர்த்து அடுக்கிய பூ. மலை தானாகப் பூப்பதைப் பார்க்க மார்ச்சில்தான் வர வேண்டும், அதுவும் வார நாளில்.

விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குன்னூர் பக்கம் போகாமல் கோத்தகிரி ரோட்டைப் பிடியுங்கள். சொந்தக் கார் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 முதல் கட்டாயம். அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் என்றால் குஞ்சப்பனை சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கோத்தகிரி நெருங்கியதும் தேயிலைக்குள் பார்வையை ஓட்டுங்கள். காட்டெருமை நிற்கும். உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. தேயிலை பறிக்கும் பெண்கள் அதற்கு வழிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் காரை விட்டு இறங்கி போட்டோ எடுக்கப் போகாதீர்கள். சாதுவாகத்தான் தெரியும், திரும்பினால் ஓட இடம் இருக்காது.

அப்புறம் நேரே தொட்டபெட்டா. 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம். எல்லாரும் மேலே இருக்கும் தொலைநோக்கிக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓரமாக நில்லுங்கள். முறுக்கிக்கொண்டு வளர்ந்த குட்டை மரங்களில் ரத்தச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருப்பதுதான் காட்டுப் பூவரசு. ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரான். இலையைத் திருப்பிப் பாருங்கள், தோல் போலத் தடிப்பாக, அடியில் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பட்டையும் தடிப்பு, புல்வெளித் தீயையும் உறைபனியையும் தாங்குவது அதனால்தான். கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருந்தால் தேன்சிட்டு வரும். தலையைப் பூவுக்குள் முழுக்க நுழைத்துவிட்டு, நெற்றியில் மகரந்தத்தோடு வெளியே வரும்.

இந்த மரத்தின் சொந்தபந்தங்கள் இமயமலையில் இருக்கின்றன. உத்தராகண்டின் மாநில மரமும் நேபாளத்தின் தேசிய மலரும் இதே இனம்தான். நடுவில் உள்ள சமவெளியில் இது கிடையாது. குளிர் மிகுந்திருந்த பழங்காலத்தில் தெற்கே பரவி வந்து, பூமி சூடானதும் இந்த உச்சிகளில் ஒதுங்கிக்கொண்டது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். அதன் புல்வெளியிலும் பாதியிடத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் புகுந்துவிட்டன. எனக்கு அந்தக் கோபம் தீராது, விடுங்கள்.

கீழே சோலைக்குள்ளிருந்து 'ஹூ ஹூ' என்று கேட்டால் அது கருமந்தி. கண்ணில் படுவது அதிர்ஷ்டம். வரையாடு பார்க்க முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் போக வேண்டும், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், ஒரே நாளில் ஆகாது. திரும்பும்போது குன்னூர் வழியாக இறங்குங்கள். ஊதா நிறத்தில் ஜகரண்டா பூத்திருக்கும். அதுவும் வெளிநாட்டு மரம்தான், ஆனால் ரோட்டோரத்தோடு நிற்பதால் அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பீர்கள். அவர்களைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நீங்களும் சித்தியும் மட்டும் வாருங்கள். பிள்ளைகள் மே மாதம் வந்து பூவால் செய்த யானையைப் பார்க்கட்டும்.