"சும்மா விளையாடினேன்" என்றானாமே உன் பேரன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். தரையில் உட்காருவதில் சிரமமில்லை, எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. நான் பாடம் நடத்தும் மழலையர் வகுப்பில் குழந்தைகள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தூக்கிவிடுகிறார்கள். இப்போது அதற்கும் முறை வைத்துச் சண்டை நடக்கிறது.

பேரனைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். நான்கு வயதாகிவிட்டது, பள்ளிக்குப் போய் ஆறு மாதமாகிவிட்டது, என்ன செய்தாய் என்று கேட்டால் "சும்மா விளையாடினேன்" என்கிறான், ஓர் எழுத்துகூட எழுத வரவில்லை என்று புலம்பியிருக்கிறாய். உனக்கு ஆறுதல் சொல்வதைவிட, போன மாதம் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் பழைய மரக்கட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரு பையன் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் கோபுரம் எழுப்பியாகிவிட்டது, மேலே போடும் பலகை எட்டவில்லை. கோபுரங்களை நெருக்கி வைத்தான். பலகை உட்கார்ந்தது, ஆனால் அடியில் கார் நுழையவில்லை. மறுபடி விலக்கினான். ஒரு பக்கம் நீளக்கட்டை தீர்ந்துபோகவே, இரண்டு குட்டைக்கட்டைகளைச் சேர்த்து நீளக்கட்டையின் மேல் வைத்து அளந்து பார்த்தான். சரியாக இருந்தது! அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டைகளின் அளவு தற்செயலாக அமைந்ததில்லை. கரோலின் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தவை. கனத்தைப் போல் இரு மடங்கு அகலம், நான்கு மடங்கு நீளம். இரண்டைச் சேர்த்தால் அடுத்த அளவு வந்துவிடும். யாரும் சொல்லித்தராமல் அரை, முழுமை, இரட்டிப்பு எல்லாம் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "எத்தனை கட்டை வைத்திருக்கிறாய்? எண்ணு பார்க்கலாம்!" பையன் எண்ணினான். ஒவ்வொரு எண்ணுக்கும் சரியா என்று என் முகத்தைப் பார்த்தான். ஏழு என்று முடித்தான். "கெட்டிக்காரன்" என்றேன். அவ்வளவுதான், பாலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதுவரை அவன் போட்டுக்கொண்டிருந்தது ஏழு வரை எண்ணுவதைவிடப் பல மடங்கு கடினமான கணக்கு. அதைப் பிடுங்கிக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் பரீட்சை வைத்திருக்கிறேன். இத்தனை வருட அனுபவத்துக்கு இதுதான் லட்சணம்.

மறுநாள் வாயை மூடிக்கொண்டு, ஒரு நீளமான பலகையை மட்டும் பெட்டி ஓரத்தில் போட்டு வைத்தேன். பாலத்துக்கு எடுப்பான் என்று நினைத்தேன். அவன் அதைச் சாய்த்து வைத்துக் காரை உருட்டினான். எவ்வளவு சாய்த்தால் கார் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில் முற்பகல் முழுவதும் போயிற்று.

எழுத்துக்கு வருகிறேன். டாக்டர் விளையாட்டு எங்கள் வகுப்பில் ஓய்வதே இல்லை. ஒரு சின்னப்பெண் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தாளில் இடமிருந்து வலமாக நெளிநெளியாக ஒரு கோடு இழுத்து, "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்று படித்துக் காட்டினாள். தாளில் ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் சொல்ல நினைப்பதைக் கோடாக்கலாம், அதை இன்னொருவர் திருப்பிப் படிக்கலாம், எழுத்துக்கு ஒரு திசை உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இது புரியாமல் எழுத்தை மட்டும் நூறு தடவை எழுதுகிற குழந்தைக்கு, அது வெறும் வளைகோடுதான்.

விரல்களையும் கொஞ்சம் நினைத்துப் பார். மணிக்கட்டில் இருக்கும் 8 எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக இறுகி முடிக்கப் பல வருடங்கள் ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துக் கட்டத்துக்குள் எழுது என்றால் அது எங்கே போகும்? களிமண் பிசையட்டும், துணியைப் பிழியட்டும், மணி கோக்கட்டும்.

அவன் ஓர் இடத்தில் உட்காருவதில்லை என்றும் குறைப்பட்டிருந்தாய். சோவியத் ஒன்றியத்தில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் 1948-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. அசையாமல் நில் என்று குழந்தைகளிடம் வெறுமனே சொன்னபோது நின்றதைவிட, காவல்காரனாக விளையாடும்போது அதிக நேரம் அசையாமல் நின்றார்கள். வேஷம் போட்டால் அதன் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் அல்லவா? நோயாளியாகப் படுத்தவன் எழுந்து ஓடினால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

உன் சந்தேகம் புதியதில்லை. விளையாட்டு வழியே கற்பிக்கும் கிண்டர்கார்ட்டனை ஜெர்மனியில் தொடங்கிய ஃபிரோபெல் உயிரோடிருந்தபோதே, 1851-இல் அங்கிருந்த பிரஷ்ய அரசு அதற்குத் தடை போட்டது. உறவினர் ஒருவருடைய எழுத்தை அவருடையது என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். 1860-இல் தடையை நீக்கியபோது அவர் உயிரோடில்லை. பந்தையும் மரக்கட்டையையும் பார்த்து ஓர் அரசாங்கமே பயந்திருக்கிறது என்றால் நீ பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

அதற்காக, விளையாட விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. இந்த வடிவத்துக்கு இந்த ஒலி என்று யாராவது சொல்லித்தான் தர வேண்டும். நான் தினமும் கதை படித்துக் காட்டுகிறேன், பாட்டுச் சொல்லித் தருகிறேன், அவரவர் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுகிறேன். ஆனால் அதற்குக் கால்மணி நேரம் போதும். பின்லாந்தில் முறையான பள்ளிப்படிப்பே 7 வயதாகும் வருடத்தில்தான் தொடங்குகிறது. உன் பேரனுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஒன்று செய். இன்று என்ன படித்தாய் என்று கேட்காதே, யார் டாக்டர், யார் நோயாளி என்று கேள். பதில் நீளமாக வரும். அப்படியும் வாயைத் திறக்காமல் சும்மாதான் இருந்தேன் என்றால், பள்ளிக்குப் போய் ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார். பொம்மைகளை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, விளையாட்டுமுறைக் கல்வி என்று பலகை மாட்டிய இடங்களும் இருக்கின்றன. அங்கேதான் நீ கவலைப்பட வேண்டும்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, நாள் முடிவாகிவிட்டதா? வீட்டில் காலி அட்டைப்பெட்டி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதே, கொண்டு வா. பெரியதாக இருந்தால் நல்லது. இருந்த ஒரே பெட்டியைக் கப்பலாக்கி, போன வாரம் எட்டுப் பேர் ஒன்றாக ஏறி மூழ்கடித்துவிட்டார்கள்.

அன்புடன்,
உன் பழைய தோழி