மின்விசிறியை நிறுத்தியவருக்கு

அன்புடையீர்,

வணக்கம். சித்திரை மாதக் கடைசியில் ஓயாத தலைசுற்றலால் நான் மருத்துவமனையில் கிடந்ததை இம்மடலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். சிலர் உடனிருந்தே பார்த்தீர்கள். ஆகவே அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. இன்று காலை, யாருடைய தோளையும் எந்தச் சுவரையும் பற்றாமல் தெருமுனைப் பால் நிலையம் வரை நடந்து, அரை லிட்டர் பால் வாங்கித் திரும்பினேன். ஏழு வாரங்களுக்குப் பிறகு வாங்கிய அந்தப் பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, காய்ச்சக்கூடத் தோன்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் இம்மடலின் பெரும்பகுதி ஒரே ஒருவருக்குரியது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. மகளிர் வார்டில் இரவுப் பணியில் இருந்த அவரை எல்லோரும் "ஆயாம்மா" என்றே அழைத்தார்கள்.

முதல் இரவு கண்ணைத் திறந்தாலும் உலகம் சுற்றியது, மூடினாலும் சுற்றியது. மல்லாந்து கிடந்த என் முகத்துக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலும் சுவரும் ஒரு திசையில் போக, அந்த இறக்கைகள் தம் போக்கில் வேறு வேகத்தில் சுழல, கண் எதையாவது பற்றிக்கொள்ளத் தேடித் தேடித் தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் குமட்டல். வாய் திறந்து சொல்லும் நிலையில் நான் இல்லை. மருந்து கொடுத்தவர்களும், இரத்த அழுத்தம் பார்த்தவர்களும், என் குடும்பத்தாரும் சுற்றி நின்றார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை; அவர்களைக் குறை சொல்லவில்லை, மின்விசிறியை யார் பார்ப்பார்கள்?

வாந்தி எடுத்த பாத்திரத்தை எடுத்துப் போக வந்த ஆயாம்மா பார்த்தார். ஆனால் அந்த மின்விசிறி எனக்கு மட்டும் உரியதன்று. நான்கு கட்டில்களுக்குப் பொது. வெளியே அக்கினி நட்சத்திரம். அவர் தாமாக நிறுத்திவிடவில்லை. மற்ற மூவரிடமும் கட்டில் கட்டிலாகப் போய், "டீச்சரம்மாவுக்கு ஊரே சுத்துது, இது வேற மேல சுத்தணுமா? செத்த நேரம் பொறுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். கண்ணை இறுக மூடியிருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் என் காதில் தெளிவாக விழுந்தது. மூவரும் சம்மதித்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் வார்டுக்கு வந்திருந்த ஒருவரும் அவர்களில் அடக்கம்.

இறக்கைகள் மெல்ல நின்றன. "அந்தக் கொக்கியை மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்காதீங்க" என்றார். மின்விசிறி தொங்கும் இரும்புக் கொக்கியைப் பார்த்தேன். சுற்றல் நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. அதன்பின் அவர் என் கட்டிலருகில் கிடந்த ஸ்கேன் உறையை எடுத்து, எனக்கும் மற்ற மூவருக்கும் முறை வைத்து, பணிக்கு அழைக்கும்போதெல்லாம் எழுந்து போய்த் திரும்பிவந்து, விடியும் வரை விசிறினார்.

அவர் செய்தது வெறும் கனிவு என்றுதான் அப்போது நினைத்தேன். அது எவ்வளவு சரியான சிகிச்சை என்பது எனக்கு நேர்ந்தது இன்னதென்று விளங்கிய பிறகே தெரிந்தது.

அவசரப் பிரிவில் என்னைப் பார்த்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது ஒரு சொற்பொருள் வினா. "மயக்கம்" என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "கண் இருட்டி விழப்போவதுபோல் இருக்கிறதா, நிற்கும்போது தள்ளாடுகிறதா, அல்லது அறையே சுற்றுகிறதா?" என்றார். வேற்றுமை மயக்கம், மெய்ம்மயக்கம் என்று தமிழ் இலக்கணத்தின் மயக்கங்களையெல்லாம் இருபத்தாறு ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவள், மூன்று வேறு துன்பங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். சுற்றுகிறது என்றேன். அவர் என் தலையை இரு கைகளாலும் பிடித்து, தம் மூக்கையே பார்க்கச் சொல்லி, சட்டென்று பக்கவாட்டில் திருப்பினார். இடப்புறம் திருப்பியபோது என் பார்வை மூக்கிலேயே நின்றது. வலப்புறம் திருப்பியபோது தவறிப்போய், ஒரு கணம் கழித்துத் தாவி வந்து சேர்ந்தது. அப்படித் தவறியதுதான் ஆறுதலான செய்தியாம்: ஓயாமல் சுற்றும் நிலையில் மூளையில் பக்கவாதம் என்றால் பெரும்பாலும் பார்வை தவறாது, உட்செவி கெட்டிருந்தால்தான் தவறும். பயம் தீரட்டும் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் கோளாறு ஏதுமில்லை.

செவி என்றால் கேட்பதற்கு என்று மட்டுமே நானும் எண்ணியிருந்தேன். நம் இரு உட்செவிகளும், தலை அசையாதிருக்கும்போதுகூட, மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு செவியிலும் ஒன்றுக்கொன்று குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள். அவற்றுள் ஒரு திரவம். தலை வலப்புறம் திரும்பினால் வலச்செவியின் செய்தி ஓங்கும், இடச்செவியினுடையது தாழும். அந்த ஏற்றத்தாழ்வைத்தான் மூளை 'திரும்புதல்' என்று படிக்கிறது. என் வலச்செவியின் சமநிலை நரம்பில் அழற்சி ஏற்பட்டு, பெரும்பாலும் ஏதோ ஒரு வைரஸால் என்று கருதுகிறார்கள், அப்பக்கத்துச் செய்தி அறுந்துபோனது. இடப்பக்கம் மட்டும் பேசியது. ஆடாமல் அசையாமல் படுத்திருந்த என்னை, இடப்புறமாகச் சுழன்றுகொண்டே இருப்பதாக மூளை படித்தது. அதற்கேற்பக் கண்கள் வலப்புறம் நழுவுவதும் இடப்புறம் வெட்டி இழுப்பதுமாகத் துடித்தன.

அசையாத ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தினால் உட்செவியால் வரும் இந்தக் கண் துடிப்பு அடங்கும். அதனால்தான் அதை மறையாமல் பார்க்க விரும்பும் மருத்துவர்கள், பார்வை எதிலும் பதியாதபடி தடித்த கண்ணாடி ஒன்றை நமக்கு மாட்டிவிடுகிறார்கள். ஆயாம்மா காட்டிய கொக்கி எனக்குக் கிடைத்த அசையாப் புள்ளி. இதை நான் மருத்துவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இனி நானும் மேலே பார்க்கிறேன்" என்றார்.

இனி மற்றவர்களுக்கு. "எனக்கும் இதேதான்" என்று தொலைபேசியில் ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும், தத்தம் மாத்திரை அட்டைகளைக் கொடுத்தனுப்பிய சக ஆசிரியர்களுக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரைகளை நான் விழுங்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இதேதான் என்பது பெரும்பாலும் இதுவாக இருப்பதில்லை. படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றி நிற்குமானால், அது உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் விழுந்ததால் இருக்கலாம். தலையை முறையாகச் சாய்த்துத் திருப்பியே மருத்துவர்கள் அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். காது அடைத்து, இரைந்து, கேட்கும் திறன் மங்கி, மணிக்கணக்கில் சுற்றி, பிறகு விட்டு, மீண்டும் வருமானால் அது மெனியர் நோயாக இருக்கலாம். 1861இல் பாரிஸ் நகரின் மெனியர் என்ற மருத்துவர் இத்தகைய சுற்றலுக்கு இருப்பிடம் உட்செவி என்று எடுத்துச் சொல்லும் வரை, அதை மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவதென்றே நம்பியிருந்தார்கள். என் கணவர் அந்தக் காலத்தவர்போல இரண்டு நாள் பக்கவாதம் என்றே கலங்கி நின்றார்; அவருக்கு இங்கே நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

பயிற்சி அளித்த இயன்முறை மருத்துவருக்கு நான் பட்ட கடன் பெரிது. நரம்பின் அழற்சி என்பது நோய். அது சில நாள்களில் தணிந்துவிடும். அது விட்டுச்சென்ற ஏற்றத்தாழ்வு என்பது கோளாறு. அதற்கு மாத்திரை இல்லை என்று அவர்தான் பிரித்துக் காட்டினார். சுற்றலை அடக்கும் மருந்தை முதல் சில நாள்களுக்குமேல் நீட்டித்தால், ஒற்றைச் செவியின் செய்தியோடு வாழக் கற்றுக்கொள்ளும் மூளையின் வேலையும் தாமதப்படும் என்று சொல்லி அதை நிறுத்தினார். தலைசுற்றுகிறவளைத் தலையை ஆட்டச் சொன்னது கொடுமையாகவே இருந்தது. 1940களில் லண்டனில் காதோர்ன், குக்சி என்ற இருவர், தலையில் அடிபட்ட போர்வீரர்களுக்காக வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்த முறை இது என்று கேட்டபின், அந்த வீரர்களும் என்னைப்போலவே திட்டியிருப்பார்கள் என்று ஆறுதல் கொண்டேன்.

சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து பார்வை பிசகாமல் தலையை இடமும் வலமும் அசைக்க வேண்டும். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பார்க்க வந்த என் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளிடம் விட்டேன். அட்டையில் பெரிதாக 'ஃ' எழுதிக் கொண்டுவந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "தனிநிலைன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க டீச்சர், பிடிக்காம தனியா நிக்கணும்ல" என்றார்கள். ஆய்தத்தின் அந்தப் பெயரை அவ்வளவு பொருத்தமாக நான் ஒருநாளும் நடத்தியதில்லை. ஆறு வாரம் அந்த மூன்று புள்ளிகள் முதலில் துள்ளின, பிறகு நடுங்கின, இப்போது நிற்கின்றன. இருட்டில் நடக்கும்போது மட்டும் கால் இன்னும் தரையைக் கேட்டுக்கேட்டே வைக்கிறது.

இனி என்னிடம் யார் "மயக்கமாக வருகிறது" என்றாலும் பித்தம் என்றோ வயசு என்றோ சொல்லிக் கடக்காமல், மயக்கமா, தள்ளாட்டமா, சுற்றலா என்று கேட்டு மருத்துவரிடம் அனுப்புவேன். இது என் உறுதி.

ஆயாம்மா, ஸ்கேன் உறையின் ஒரு மூலை நீங்கள் பிடித்து விசிறிய மடிப்போடு அப்படியே இருக்கிறது. மறுபரிசோதனைக்குப் போனபோது உங்களைத் தேடினேன். பகல் பணிக்காரர்கள் நீங்கள் இரவில்தான் வருவீர்கள் என்றார்கள். வரும் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருகிறேன். வார்டுக்கு நான்கு பனையோலை விசிறிகள் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் பெயரையும் அன்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
உங்கள் டீச்சரம்மா