மர கிளாரினெட் வாங்குறதுக்கு முன்னாடி நகத்தால ஒரு தடவ வருடிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பொழுதுபோக்கா வாத்தியம் கத்துக்கிறவங்களுக்குனு வந்த கட்டுரைல, கிளாரினெட்னா மரத்துலதான் வாங்கணும், பிளாஸ்டிக்ல சவுண்டே எடுக்காதுனு ஒரே வரில முடிச்சிட்டாங்க. இதே பேச்ச நம்பி கைய சுட்டுக்கிட்டவன் நான், அதான் எழுதுறேன்.

நான் ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் வாசிக்கிற ஆளு, அவ்ளோதான். மூணு வருஷம் பிளாஸ்டிக்ல ஓட்டிட்டு, சரி மரத்துக்கு மாறுவோம்னு செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். பார்க்க பளபளனு புதுசு மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது வாரம் மேல் ஜாயின்ட்ல (குழலோட மேல் துண்டு) ட்ரில் கீ (ரெண்டு ஸ்வரத்த வேகமா மாத்தி மாத்தி வாசிக்கிற சாவி) கிட்ட ஈரமா இருக்கேனு துடைச்சா துணில கருப்பு ஒட்டுது. நகத்தால வருடினா ஒரு இடத்துல சிக்குது. மரத்தூளையும் பசையையும் விரிசல்ல அடைச்சு, மேல கருப்பா என்னத்தையோ பூசி என் தலைல கட்டிட்டாங்க. விரிசல் பெரும்பாலும் மேல் ஜாயின்ட்லதான் விழும், அதுவும் அந்த ட்ரில் கீ ஓட்டைங்க பக்கத்துலனு அப்புறம்தான் ஒரு ரிப்பேர்காரர் சொன்னாரு. நாம ஊதுற சூடான ஈரக்காத்து உள்பக்க மரத்த உப்ப வைக்கும், வெளிப்பக்கம் காஞ்சு சில்லுனு கிடக்கும், இழுபறில மரம் பிளந்துக்கும்.

கடைல கருங்காலினு சொல்லிக் குடுக்கிற அந்த கருப்பு மரம் பெரும்பாலும் கருங்காலியே கிடையாது. கிரெனடில்லா, ஆப்பிரிக்கால டான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்றது, நம்ம ஈட்டி மரத்தோட டால்பெர்ஜியா சாதி. தண்ணில போட்டா மிதக்காம முழுகுற அளவுக்கு கனம். ஆனா சவுண்டு மரத்தாலயா வருதுனு கேட்டா, ஜான் பேக்கஸ்னு ஒரு இயற்பியல்காரர் 1964லயே சோதிச்சுப் பார்த்து, குழலோட சுவர் அதிர்றதால ஸ்வரத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லனு எழுதிட்டாரு. உள்துளையோட அளவும், ஓட்டைங்களோட விளிம்ப எப்படி சீவியிருக்காங்கங்கிறதும்தான் விஷயம். நல்ல கம்பெனிங்க அந்த வேலைய மர மாடல்ல கூடுதல் கவனமா செய்றாங்க, அதனால அது நல்லா இருக்கு. ஆக நாம காசு குடுக்கிறது கைவேலைக்கு, மரத்துக்கு இல்ல. இது புரிஞ்சா, பேர் தெரியாத புது மர கிளாரினெட் மலிவா கிடைக்குதுனு யாரும் ஓட மாட்டாங்க. அந்த மாதிரி ஒண்ணுக்கு நல்ல பிளாஸ்டிக்கே மேல்னு அடிச்சு சொல்வேன்.

கம்மி பட்ஜெட்டுக்கு என் ஓட்டு பழைய நடுத்தர மாடலுக்குத்தான். பஃபே இ11, இ13, யமாஹா 450, பழைய நோப்லே 45, இதெல்லாம் மரம். பண்டி பிராண்டு வாங்கப்போனா மேல ரெசோனைட்னு அடிச்சிருக்கானு பாருங்க, இருந்தா அது மரம் இல்ல. அப்புறம் ஏ சுருதி கிளாரினெட்ட பி ஃபிளாட் சுருதினு நினைச்சு வாங்கிடாதீங்க, பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், ஏ கொஞ்சூண்டு நீளம் அவ்ளோதான் (நான் அந்தக் கூத்தும் பண்ணப் பார்த்தேன்).

நேர்ல போனா மேல் ஜாயின்ட்ட மட்டும் தனியா எடுங்க. இடது கைல கட்டை விரலும் மத்த மூணு விரலும் ஓட்டைங்கள மூடணும், அடிப்பக்கத்த வலது உள்ளங்கையால அடைச்சுட்டு மேல வாய் வெச்சு உறிஞ்சுங்க. சில செகண்டு உதட்டப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கணும், எடுக்கும்போது டப்புனு சத்தம் வரணும். வரலனா எங்கயோ லீக்கு, பேட் (ஓட்டைய மூடுற மெத்தை) கிழிஞ்சிருக்கலாம், இல்ல விரிசல். பேட் மட்டும்னா பயப்பட வேணாம், பேரத்துல குறைச்சுக்கலாம், எல்லா பேடும் மாத்துற செலவ முதல்லயே கணக்குல வெச்சுக்கோங்க. அப்புறம் பத்து நிமிஷம் ஊதி சூடேத்திட்டு சுருதி பார்க்கிற ட்யூனர் வெச்சு கீழ் எஃப், ரெஜிஸ்டர் கீ (ஸ்வரத்த மேல தூக்குற கட்டை விரல் சாவி) அமுக்கி அதோட 12ஆவது ஸ்வரமான சி, ரெண்டையும் பாருங்க. எஃப் சுருதில கொஞ்சம் இறங்கி நிக்கிறது சகஜம்தான், ரொம்ப இறங்கினா விட்டுடுங்க, அத எந்த மெக்கானிக்கும் லேசுல சரி பண்ண முடியாது.

மவுத்பீஸ (வாய் வெச்சு ஊதுற முனை) கட்டுரைல ஒரு வார்த்த கூட சொல்லாதது எனக்கு ரொம்பவே ஆதங்கம் சார். கிளாரினெட் கூட வந்த பழசத் தூக்கி வெச்சிட்டு வான்டோரன் பி45 போட்டேன், அதே பிளாஸ்டிக்ல கிடைச்ச மாற்றம் மரத்துக்கு மாறினப்ப கூட கிடைக்கல. காசு ஒரு வேலைக்குத்தான் இருக்குனா முதல்ல அதுல போடுங்க.

புதுசா மரத்துல வாங்கினவங்க முதல் ரெண்டு வாரம் ஒரு நாளைக்கு 15, 20 நிமிஷத்துக்கு மேல ஊதாதீங்க, முடிச்சதும் துணி விட்டு இழுத்துத் துடைச்சிடுங்க. என்னோடத அப்புறம் அந்த ரிப்பேர்காரரே விரிசலுக்கு குறுக்க ரெண்டு ஊசி ஏத்தி ஒட்டிக் குடுத்தாரு, இப்ப லீக்கு இல்ல, தினம் அதுலதான் வாசிக்கிறேன். குளிர் அடிக்கிற நாள்ல மட்டும் பழைய பிளாஸ்டிக்க எடுத்துக்குவேன்.

இப்படிக்கு,
சாயங்காலம் மட்டும் வாசிக்கிற ஒரு வாசகர்