ஆல்பத்தில் இருந்த சாக்கோ

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடு. எதையும் பாதியில் விடுகிற ஆள் நீ.

போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது என் பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கிடைத்தது. கரையான் ஐரோப்பாவைத் தின்றுவிட்டுத் தென்னமெரிக்காவை விட்டுவைத்திருக்கிறது. அதில் 1932இல் வந்த பராகுவே ஸ்டாம்ப் ஒன்று. ஒரு வரைபடம், அதோடு ஏதோ ஸ்பானிஷ் எழுத்து. பேத்தி போனைக் காட்டிப் படித்துச் சொன்னாள்: சாக்கோ பராகுவேயுடையதாக இருந்தது, இருக்கிறது, இருக்கும் என்று போட்டிருக்கிறதாம். சாக்கோ என்பது பொலிவியாவும் பராகுவேயும் சொந்தம் கொண்டாடிய வறண்ட காட்டு நிலம். நீ எனக்குத் தரமாட்டேன் என்று அடம்பிடித்த அந்த 1928 பொலிவியா ஸ்டாம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதில் இதே நிலம் பொலிவியாவுடையது!

அப்புறம் இரண்டு நாள் இதே வேலையாகப் படித்தேன். சிலியோடு 1879இல் தொடங்கிய போரில் பொலிவியா தன் கடற்கரையை இழந்தது. பராகுவே ஆற்றைப் பிடித்தாவது கடலுக்குப் போகலாம் என்று அதற்கு ஆசை. பராகுவேயோ 1864 முதல் 1870 வரை நடந்த போரில் ஏற்கெனவே நொறுங்கிப்போன நாடு, மிச்சமிருந்ததை விடுமா? 1932 ஜூனில் பிட்டியன்டூட்டா என்ற ஏரிக்கரையில் இருந்த பராகுவேயின் ராணுவக் காவல் முகாமைப் பொலிவியா பிடித்ததில் சண்டை மூண்டது. அந்த வறண்ட காட்டில் ஏரி என்றால் உயிர்.

சாக்கோவில் இருந்த போக்கெரோன் கோட்டையின் முற்றுகைதான் என்னை உலுக்கிவிட்டது. செப்டம்பர் 9 முதல் 29 வரை சில நூறு பொலிவியச் சிப்பாய்கள் உள்ளே, பல ஆயிரம் பராகுவேக்காரர்கள் வெளியே. உள்ளே தண்ணீர் போதவில்லை. சுற்றி வளைத்தவர்களுக்கும் லாரியில் வந்தால்தான் தண்ணீர். பொலிவியப் பையன்களில் பெரும்பாலானோர் மலைநாட்டு அய்மாரா, கெச்சுவா மக்கள். குளிரில் வளர்ந்தவர்களை முட்காட்டு வெயிலில் கொண்டுவந்து தள்ளினார்கள். மூன்று வருடத்தில் இரு தரப்பிலும் சுமார் 1 லட்சம் பேர் செத்தார்கள். குண்டு பட்டவர்கள் மட்டுமல்ல, நாக்கு வறண்டு விழுந்தவர்களும் ஏராளம். பராகுவேக்காரர்கள் போனில் தங்கள் நாட்டுப் பழங்குடி மொழியான குவரானியில் பேசிக்கொண்டார்களாம். ஒட்டுக்கேட்டாலும் எதிரிக்குப் புரிய வேண்டுமே!

எண்ணெய்க் கம்பெனிகள்தான் மூட்டிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. அந்த ஸ்டாம்பை அச்சடித்தது எந்தக் கம்பெனி? சண்டைக்கு முன்னாலேயே இரண்டு அரசாங்கமும் தபால்தலையில் உரிமை கொண்டாடியாயிற்று.

1938 ஒப்பந்தத்தில் சாக்கோவின் பெரும்பகுதி பராகுவேக்குப் போனது. மலையடிவார எண்ணெய் வயல்கள் பொலிவியாவிடமே இருந்துவிட்டன. எல்லை வரையறை முடிந்ததாக இரு நாட்டு அதிபர்களும் கையெழுத்திட்டது 2009இல்தான்.

சரி, உன் பொலிவியா ஸ்டாம்ப் இருக்கிறதா? கேட்டால் இப்போதும் தரமாட்டாய், தெரியும். ஒரு போட்டோவாவது எடுத்து அனுப்பு.

உன்,
சேது