அகதிப் பெண்ணின் கால்பந்து: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிவந்த ஓர் இளம்பெண்ணின் கால்பந்து ஆசை பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஆசை இருந்தால் போதும், ஆடிவிடலாம் என்பதுபோல முடித்துவிட்டீர்கள். பெண்களுக்குப் பயிற்சி தருகிற எங்களுக்கு அதில்தான் வருத்தம். ஆசைக்குக் குறைவே இல்லை. வழிமறிப்பது வேறு சங்கதிகள்.

ஆப்கானிஸ்தானில் பிறந்து டென்மார்க்கில் அகதியாக வளர்ந்த நாடியா நதிம் டென்மார்க்குக்கு ஆடியதை ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். 1988இல் பிறந்த அவருக்குக் குடியுரிமை கிடைத்த பிறகும் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி ஒன்று குறுக்கே நின்றது: 18 வயதுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். கணக்குப்படி 2011 வரை காத்திருக்க வேண்டியவர். டென்மார்க் கால்பந்துச் சங்கம் ஃபிஃபாவிடம் வாதாடியதால்தான் 2009இலேயே களமிறங்கினார்.

அவருக்காக வாதாட ஒரு சங்கம் இருந்தது. 2021 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிய ஆப்கன் வீராங்கனைகளுக்கு அதுதான் இல்லை. மெல்போர்ன் விக்டரி கிளப்பின் துணையோடு 2022 முதல் அங்கே மாநில லீகில் ஆடினார்கள். தேசிய அணியாக ஆட மட்டும் முடியவில்லை. அந்த அங்கீகாரம் சொந்த நாட்டுச் சங்கம் வழியாகவே வர வேண்டியிருந்தது. தாலிபான் ஆட்சியில் அந்தச் சங்கம் பெண்கள் அணியை ஏற்காது. 2025 மே மாதம் ஃபிஃபா அகதி வீராங்கனைகளுக்கென்று தனி அணிக்கு ஒப்புதல் கொடுத்த பிறகே வழி பிறந்தது. மொராக்கோவில் நடந்த தொடரில் சாட் அணியிடம் 6-1, துனிசியாவிடம் 4-0 என்று தோற்றவர்கள், லிபியாவை 7-0 என்று வென்றார்கள். வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடந்தவர்கள் சேர்ந்து பழகவே நாள் போதாமல் ஆடிய ஆட்டம் அது. அந்த ஸ்கோரை அப்படித்தான் படிக்க வேண்டும்.

முக்காடு விஷயம். 2011இல் முக்காட்டுக்கு இருந்த தடையாலேயே ஈரான் பெண்கள் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானுடன் ஆட முடியாமல் போனது. 2014இலிருந்து ஆட்ட விதியே அனுமதிக்கிறது. ஆனால் வீட்டில் கட்டுகிற சால்வையோடு வந்தால் நடுவர் திருப்பி அனுப்புவார். துணி ஜெர்சியோடு இணைந்திருக்கக் கூடாது. கழுத்தருகே ஊக்கு, பொத்தான், முடிச்சு எதுவும் கூடாது. நுனி தொங்கக் கூடாது. பிடித்து இழுத்தால் கழுத்தை இறுக்கும். தலை வழியாக மாட்டுகிற, நீளும் துணியில் தைத்த உறைதான் சரி. பருத்தித் துணி வியர்வையில் ஊறிக் கண்ணுக்கு மேல் இறங்கிவிடும். தலையால் பந்தை முட்டும் நேரத்தில் அது ஆபத்து.

எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பயம் முழங்கால்தான். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். 2021இல் நதிமுக்கே கிழிந்தது. இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டமே இல்லாமல் இருந்துவிட்டு நேரே மேட்சில் இறங்குகிறவருக்கு இது எளிதில் வரும். யாரும் வந்து மோத வேண்டியதில்லை. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கும், கால் தரையில் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பும், 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தானமாக வரும் பூட்ஸும் இதற்கு ஒரு காரணம். ஈர மண்ணுக்கான நீள ஸ்டட் (அடிக் குமிழ்) வைத்ததைச் செயற்கைப் புல்லில் போட்டால் கால் சிக்கிக்கொள்ளும். செயற்கைப் புல்லுக்கும் கட்டாந்தரைக்கும் குட்டையான, நிறைய ஸ்டட் உள்ளதே ஏற்றது. பூட்ஸ் கொடுக்க நினைப்பவர்கள் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

காயத்தைத் தடுக்க ஆட்டத்துக்கு முன் செய்யும் ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சிக்குச் செலவே கிடையாது. 8 நிமிடம் மெது ஓட்டம், 10 நிமிடம் வலுவும் சமநிலையும் குதிப்பும், 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் இருமுறையாவது செய்ய வேண்டும். அதில் தொடைப் பின்தசைக்கான பயிற்சியைத்தான் பலர் தப்பாகச் செய்கிறார்கள். மண்டியிட்டு, தோழி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, தலையிலிருந்து முட்டி வரை ஒரே கோடாக வைத்து மெல்ல முன்னே சாய வேண்டும். இடுப்பை மடித்தால் பயனில்லை. முதலில் 3 முதல் 5 தடவை போதும். ஆர்வக் கோளாறில் 15 போட்டால் மறுநாள் நடக்க முடியாது.

நம் ஊருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளரும் சிறுமிகளை, இந்தியக் குடியுரிமை இல்லாததால் கிளப்பில் பதிய முடியாது என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டவரின் முதல் பதிவுக்கு ஃபிஃபா கட்டுப்பாடு வைத்திருப்பது உண்மை. ஆனால் கடைசி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இந்த நாட்டில் வசித்தவரை அது கட்டுப்படுத்தாது. இங்கேயே பிறந்த சிறுமிக்குப் பிறப்புச் சான்றிதழ், முகாம் குடும்ப அட்டை, பள்ளியில் வருடாவருடம் தந்த சான்றுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் அந்த ஐந்து ஆண்டைக் காட்டிவிடலாம். பதிவு ஆன பிறகும், லீகில் அவரை வெளிநாட்டு வீராங்கனைக் கணக்கில் வைப்பார்களா என்பது தனிக் கேள்வி. அதை சீசன் தொடங்கும் முன்பே போட்டி நடத்துகிறவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
மதுரை.