ஏ லெவலில் வரலாறு எடுத்திருக்கும் மகளுக்கு

குழித்துறை

அன்புள்ள மக்களே,

நீ அங்கே இங்கிலாந்தில் ஏ லெவலில், அதாவது நம் பிளஸ் டூ மாதிரியான படிப்பில், வரலாறு எடுத்திருப்பதாக அம்மா போனில் சொன்னாள். நம் பத்தாம் வகுப்பு மாதிரியான ஜி.சி.எஸ்.இ.யில் அதைப் படிக்காதவள் திணறிப்போவாளே, சைக்காலஜிக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை உனக்கு எழுதிவிடுவதுதான் நல்லது. போனில் என்றால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

உன் வகுப்பில் பலர் இரண்டு வருடம் வரலாறு படித்துவிட்டு வந்தவர்கள். ஆனால் இங்கிலாந்தில் பதினான்கு வயதுக்கு மேல் அது கட்டாயப் பாடம் இல்லை. அதனால் படிக்காமல் வருகிறவர்கள் அங்கேயும் உண்டு. உனக்கு வைத்திருப்பது 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தின் காலமும், 1917 முதல் 1953 வரையிலான ரஷ்யாவும். மற்றவர்கள் எலிசபெத் காலத்தைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம். நீ இங்கே பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் லெனினைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினாய். பெயரும் வருடமும் ஒரு விடுமுறையில் பிடித்துவிடக்கூடியவை. அதற்காக யாரும் பாடத்தை மாற்ற வேண்டியதில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே ஐந்து மார்க் கேள்விக்கு உட்தலைப்பு போட்டு, அடிக்கோடிட்டு, காரணங்களை வரிசையாக எழுதி மார்க் வாங்கிய கை உன்னுடையது. அங்கே ஒரு தாளுக்கு இரண்டரை மணி நேரம், மூன்றே விடைகள். ஒரு விடைக்கு முக்கால் மணி நேரம் இருந்தாலும் வரிசை போட்டால் மார்க் வராது. ஒரு கருத்தைச் சொல்லி 'இது எந்த அளவுக்குச் சரி?' என்று கேட்பார்கள். நீ ஒரு பக்கம் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கத்தின் பலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறமும் உன் முடிவு தாங்க வேண்டும்.

நம் ஊர்க் கதையிலேயே பழகிப் பார். '1956இல் எல்லையை மொழிதான் முடிவு செய்தது' என்று ஒரு கேள்வி வந்ததாக வைத்துக்கொள். அந்த நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், நம் விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையும் வந்தது. இதுவரைக்கும் மொழி என்றே எழுதலாம். ஆனால் தமிழர்கள் அதிகமாக இருந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு இணைக்கப் போராடிய நேசமணி பக்கத்தார் மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி அவற்றையும் கேட்டார்கள். மாநிலச் சீரமைப்பு ஆணையமோ, தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வந்து போகிறவர்கள் என்றது. ஒரே கணக்கு, இரண்டு வாதம்! டீக்கடையில் கேட்டால் எல்லாம் ஆணையத்தில் இருந்த பணிக்கர் செய்த வேலை, அவர் மலையாளி என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஆணையத்தில் அவரோடு பசல் அலியும் குன்ஸ்ருவும் இருந்தார்கள். அதே ஆணையம்தான் நம் தாலுகாக்களைச் சென்னைக்குக் கொடுக்கவும் சொன்னது. டீக்கடை விடைக்கு அங்கே பாதி மார்க்கூடக் கிடைக்காது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடிய தமிழர்கள் மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடு இந்த விடையில் எங்கே உட்காரும் என்று யோசி. அது முடிவை மாற்றியதா, ஏற்கனவே நகர்ந்துகொண்டிருந்ததை வேகப்படுத்தியதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நீ மறுத்து எழுதலாம்.

மூலச் சான்றுகளைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லும் கேள்விக்கு நீ பயப்படவே கூடாது. ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதும் வீட்டில் பிறந்தவள். கொல்லம் ஆண்டு 1111 (அதாவது 1935-36) என்று மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம் வந்தால் நான் முதலில் என்ன பார்ப்பேன்? எழுதிக்கொடுத்தவர் யார், யாருக்கு, அவருக்கு அந்த நிலத்தில் பாத்தியதை எப்படி வந்தது, முன்னாதாரம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. பாலிடோர் வெர்ஜில் எழுதியதையும் அப்படித்தான் படிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த அவரை இங்கிலாந்து வரலாறு எழுதச் சொன்னவர் ஏழாம் ஹென்றி. 1485இல் போஸ்வொர்த்தில் சண்டை போட்டு அரியணையைப் பிடித்தவர் அந்த ஹென்றி. அவருக்கு இருந்த பாத்தியதை பலவீனமானது. அப்படிப்பட்டவர் கேட்டு எழுதியது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதே. அரசர் தன்னை எப்படிக் காட்ட விரும்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு நீயே ஆராய்ந்து எழுதும் நீண்ட கட்டுரைக்கு. அது ஏறக்குறைய நூறு ஆண்டுப் பரப்பில் இருக்க வேண்டுமாம். திருவிதாங்கூரை எடுக்கலாமா என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவை. நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமையை மறுத்த 1829 ஆணை, அந்தத் தடையைத் தளர்த்திய 1859 ஆணை, 1924இல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்ட வைக்கம் போராட்டம், 1936இல் எல்லா இந்துக்களுக்கும் கோயில் நுழைவு. மாற்றம் அரண்மனையிலிருந்து வந்ததா, மிஷனரிகளாலா, சென்னை அரசின் நெருக்கடியாலா, தெருவில் நின்ற பெண்களாலா? அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிற விஷயம், உனக்கு அதுதான் வேண்டும். வகுப்பில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது என் சின்ன ஆசை. மறுத்தால் வாதாடாதே, வேறு தலைப்பு பார்.

முதல் கட்டுரைக்கு மார்க் குறைவாகத்தான் வரும். ஆசிரியர் ஓரத்தில் எழுதியதோடு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும், இருந்தாலும் படித்துவிடுவேன். அம்மாவுக்கு இந்த வாரம் நைட் டியூட்டி என்றாள்; பகலில் அவளைத் தூங்கவிட்டு, நீ நூலகத்தில் உட்கார்ந்து படி.

அன்புடன்,
அப்பா